தானாக நடக்கும் வேலைக்குப் பயந்தவர்

கோதண்டம் சார் போய்விட்டார் என்று போன் வந்தபோது நான் செங்கம் சாலையில் ஷேர் ஆட்டோவில் இருந்தேன். நெஞ்சுவலி, வேலூருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். எங்கள் அலுவலகத்தில் அவரைப் போலப் பயப்படுகிற மனிதரை நாங்கள் பார்த்ததில்லை.

ரமணாசிரமம் பக்கம், ஒரு காபி கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். விடுதிகளுக்கு அறை பதிவு செய்யும் இணையதளத்தை நடத்துகிறோம். குறித்த நேரத்தில் தானாக மெயில் அனுப்பும் பகுதி சாருடையது. பௌர்ணமி கிரிவலம் நெருங்கும்போது, அறை எடுத்தவர்களுக்கு "வருகிறீர்களா?" என்று ஒரு மெயில் போகும். மறுநாள் மதியத்துக்குள் பதில் வராவிட்டால் அந்த அறை தானாக ரத்தாகிக் காத்திருப்பவருக்குப் போய்விடும்.

ஒவ்வொரு முறையும் தன் பெயரையும் ஒரு விருந்தாளியாகச் சேர்த்துவிடுவார். அந்த மெயில் தன் போனுக்கு வரும்வரை சாப்பாட்டு டப்பாவைத் திறக்கமாட்டார். "இன்னா சார், உங்களுக்கு ரூம் கெடைச்சுதா?" என்று கிண்டல் செய்வோம். "சிரிங்கம்மா. மெயில் போச்சானு கேக்காதீங்க, போய்ச் சேந்துச்சானு கேளுங்க" என்பார்.

எனக்கு அவர் பயம் புரியவில்லை. கம்ப்யூட்டர்தானே செய்கிறது, நமக்கென்ன என்று ஒருநாள் கேட்டேன். "தானா நடக்குதுன்னு எல்லாரும் திரும்பிப் படுத்துக்குவாங்க தேவி. அதான் ஜாஸ்தி பயம்" என்றார். மெயில் போகாவிட்டால் எச்சரிக்கை வருவதற்கென்று தனியாக வேறொரு மெயில் கணக்கும் வைத்திருந்தார். அந்த எச்சரிக்கை அவர் போனுக்கு மட்டும்தான் வரும். நாங்களாவது நிம்மதியாக இருக்கட்டும் என்பார்.

அவர் ஊரான கீழ்பென்னாத்தூரில் காரியங்கள் முடிந்து நாங்கள் வேலைக்குத் திரும்பிய காலையில் அவர் மனைவி கூப்பிட்டார். குரல் நடுங்கியது.

"தேவி, இவரு போன் நேத்துலேருந்து சத்தம் போட்டுக்கிட்டே இருக்குதும்மா. எடுத்துப் பாக்கவே பயமா இருக்கு."

"அதுல இன்னா எழுதியிருக்குன்னு படிங்கக்கா."

"மெயில் போகலை, மெயில் போகலைன்னே வருது."

உடனே அவர் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். மறுநாள் பௌர்ணமி. மெயில் அனுப்பும் சேவையின் பாஸ்வேர்டு காலாவதியாகியிருந்தது. அதை மாற்றுகிறவர் அவர்தான். ஒருவருக்கும் "வருகிறீர்களா?" போகவில்லை. ஆகவே ஒருவரும் பதில் போடவில்லை. அன்று மதியம் ஆனால் எல்லா அறையும் ரத்தாகும், அந்தச் செய்தியும் யாருக்கும் போய்ச் சேராது. கிரிவலத்துக்கு வருகிற ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வந்து நடுத்தெருவில் நிற்பார்கள். பௌர்ணமி அன்று இந்த ஊரில் வேறு அறை ஏது?

அவர் எழுதி வைத்த வேலையில் நான் அதுவரை கை வைத்ததில்லை. ஒன்றை நிறுத்தப்போய் மற்றொன்றைக் கிளப்பிவிடுவேனோ என்று பயந்தேன். அறையை ரத்து செய்யும் வேலையின் பெயரை மூன்று தடவை வாய்விட்டுப் படித்துவிட்டு, அதை நிறுத்தினேன். நின்றுவிட்டது என்று திரை சொன்னது. நான் நம்பவில்லை. மதியம் தாண்டும்வரை ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு எல்லோருமாக விருந்தினர்களுக்குப் போன் போட்டோம். "நாங்க கெளம்பிட்டோமே, பஸ்ல வந்துக்கினு இருக்கோம். ரூம் இருக்குதில்ல?" என்றார் ஒரு அம்மா. இருக்கிறது என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது அந்த எச்சரிக்கைகள் என் போனுக்கு வருகின்றன. சார் எங்களுக்குத் தராமல், தான் ஒருவராகவே சுமந்த பயம் அது. அதை நான் எடுத்துக்கொண்டேன். பௌர்ணமி நெருங்கினால் என் பெயரையும் ஒரு விருந்தாளியாகச் சேர்த்துவிடுகிறேன். அந்த மெயில் என் போனுக்கு வரும்வரை சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதில்லை.