வால்டர் அங்கிளின் கோயிலும் எங்கள் கோயிலும்

பக்கத்து வீட்டில் சமையலறையை இடித்துக் கட்டுகிறார்கள். இரண்டு வாரமாக ஈர சிமெண்ட் வாசனை எங்கள் பின்வாசல் வரை வருகிறது. தெருவில் எல்லோருக்கும் அது தலைவலி. எனக்கு மட்டும் அந்த வாசனை வந்ததும், வெள்ளைச் சட்டையும் டையும் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் கலவையை ஆசையாகப் பிசைந்து பார்ப்பது கண்ணில் வரும்.

அவர் பெயர் வால்டர். மனைவி ரூத். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடைக்காலம் அவர்களோடு போனது. நானும் என் கணவர் சேகரும் அப்போது இதே ஹூஸ்டனுக்கு வெளியே ஓர் அபார்ட்மெண்டின் மாடியில் குடியிருந்தோம். சேகர் காலையில் காரை எடுத்துக்கொண்டு ஆபீஸ் போனால் இருட்டித்தான் வருவார். எனக்கு வேலை பார்க்க விசா கிடையாது, ஓட்ட லைசென்ஸ் கிடையாது, பஸ் என்பது அந்தப் பக்கத்திலேயே கிடையாது. "யாரு தட்டினாலும் கதவ தொறக்காத" என்பது அவர் போட்டிருந்த ஒரே சட்டம். யாரும் தட்டாததால் நானும் ஒழுங்காகவே கடைப்பிடித்தேன்.

ஜூலையில் ஒரு மத்தியானம் தட்டினார்கள். கதவின் துளை வழியாகப் பார்த்தால், வெயிலில் முகமெல்லாம் சிவந்துபோய் ஒரு வயதான அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அதற்குமேல் சட்டமாவது ஒன்றாவது.

அந்த அம்மாவையும் பின்னாலேயே வந்த கணவரையும் உட்காரவைத்து மோர் கொடுத்தேன். சட்டையில் பெயர் அட்டை குத்தியிருந்தார்கள். கணவர் அட்டையில் 'பெரியவர்' என்ற பொருளில் எல்டர் என்றும், அந்த அம்மாவின் அட்டையில் சிஸ்டர் என்றும் இருந்தது. பெரியவருக்குச் சகோதரி எப்படி மனைவியானார் என்று எனக்கு ஒரு வாரம் புரியவில்லை. அவர்கள் கிறிஸ்தவ சபையில் அப்படித்தான் அழைப்பார்களாம். ஓய்வு பெற்றபின் ஒன்றரை வருஷம் ஊழியத்துக்கென்று எழுதிக்கொடுத்துவிட்டு, ஐடஹோவில் பிள்ளைகள் பேரப்பிள்ளைகளை விட்டு வந்திருந்தார்கள். வீடு வீடாகப் போய்க் குடும்பங்களைப் பார்ப்பதுதான் வேலை.

உதட்டில் ஒட்டிய கறிவேப்பிலையோடு வால்டர் அங்கிள், இந்த ஊரில் நாங்கள் ஒரு டெம்பிள் கட்டுகிறோம் என்றார்.

"நாங்களும்தான்" என்றேன் இங்கிலீஷில். ஊர்த் தமிழர்கள் சேர்ந்து முருகனுக்கு ஒரு கோயில் கட்டிக்கொண்டிருந்தோம்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். நாற்பது வருஷம் கான்கிரீட் காண்ட்ராக்டராக இருந்தவர். அவர்கள் கோயில் வேலையில் கை வைக்க விடமாட்டார்களாம். அதற்குத் தனிக் கம்பெனி. ஆகவே வேதத்தைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினார். அஸ்திவாரத்துக்கு எவ்வளவு ஆழம் தோண்டினீர்கள் என்று முக்கால் மணி நேரம் கேட்டார்.

ராத்திரி சேகரிடம் சொன்னேன்.

"மதம் மாத்த வர்றவங்கம்மா அவங்க. உனக்கென்ன பைத்தியமா?"

"பாவம், வெயில்ல நின்னாங்க."

"அதுதான் டெக்னிக்."

அடுத்த வாரம் வால்டர் அங்கிள் எங்கள் பால்கனிக் கதவைச் சரி செய்தார். அபார்ட்மெண்ட் ஆபீஸ் நான்கு மாதமாகச் செய்யாத வேலை. அதற்கடுத்த வாரம் சேகரே, "அங்கிள் இன்னிக்கு வருவாரா? பாத்ரூம் குழாய் ஒழுகுது" என்றார். மதம் மாறியது அவர்தான்.

அவர்கள் கொடுத்த வேதப் புத்தகத்தைச் சாமி அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, மேலே ஒரு பூவும் வைத்திருந்தேன். சாமி புத்தகத்தை வேறு எங்கே வைப்பது? ரூத் ஆன்ட்டி அதைப் பார்த்துவிட்டு, சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் வெகுநேரம் நின்றார். கடைசியில் பூ அழகாக இருக்கிறது என்றார்.

ஒரு சனிக்கிழமை அவர்களை எங்கள் கோயில் கட்டுகிற இடத்துக்குக் கூட்டிப்போனோம். தமிழ்நாட்டிலிருந்து வந்த சிற்பிகள் சாரத்தில் ஏறி விமானத்துக்குச் சுதை வேலை செய்துகொண்டிருந்தார்கள். தலைமைச் சிற்பி கலவையில் தண்ணீர் விட்டதும் வால்டர் அங்கிள் தலையை ஆட்டினார். ஒரு பிடி எடுத்துப் பிசைந்து, வெயிலைக் காட்டி, ஏதோ சைகை செய்தார். சிற்பி பதிலுக்கு ஒரு சைகை செய்தார். ஒரு வார்த்தை பொது மொழி இல்லாமல் இருவரும் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். பிறகு சிற்பி என்னிடம், "கை தெரிஞ்ச மனுசன்மா. அந்த டைய மட்டும் கழட்டச் சொல்லுங்க, கலவையில விழுது" என்றார்.

ஆகஸ்டில் கோயமுத்தூரிலிருந்து போன் வந்தது. அப்பாவுக்கு பைபாஸ் செய்ய வேண்டும். எங்கள் கிரீன் கார்டு பேப்பர் பாதியில் இருந்தது. இப்போது வெளியே போனால் திரும்ப வர முடியாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். "போறதுன்னா போ, பேப்பர் போனா போகட்டும்" என்றார் சேகர். எதிர்முனையில் அப்பா, "நீ வந்து என்னத்த பண்ணப்போற? டாக்டர்தான அறுக்கப்போறாரு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் அழுத முகத்தோடு கதவைத் திறந்தேன். ரூத் ஆன்ட்டி அன்று பையிலிருந்து புத்தகத்தை எடுக்கவே இல்லை. தொட்டியில் கிடந்த பாத்திரங்களைக் கழுவினார். ஊழியத்துக்கு வந்த மாதத்தில் அவர் அம்மா இறந்துபோனதையும், தான் போகாமல் இருந்ததையும் முதுகைத் திருப்பிக்கொண்டே சொன்னார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, உன் அப்பா பெயரை எழுத்துக் கூட்டிச் சொல் என்றார். அவர்கள் கோயில்களில் நோயாளிகள் பெயரை எழுதி வைத்துப் பிரார்த்திப்பார்களாம். இங்கே இன்னும் திறக்கவில்லை என்பதால் ஐடஹோவுக்குப் போன் செய்து சொல்லப்போவதாகச் சொன்னார். பழனிசாமி என்ற பெயரை எழுதி முடிக்க நாங்கள் மூன்று காகிதம் செலவழித்தோம்.

அதே மாதம் அவர்கள் கோயிலைப் பொதுமக்கள் பார்க்க விட்டார்கள். பிரதிஷ்டைக்கு முன் சில வாரங்கள் மட்டும்தான். அப்புறம் அவர்கள் சபையிலேயே தகுதிச் சீட்டு உள்ளவர்கள்தான் நுழைய முடியும். வாசலில் எங்கள் ஷூவுக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டிவிட்டார்கள். "நம்மூர்ல செருப்ப கழட்டச் சொல்வாங்க. இங்க செருப்புக்கே செருப்பு" என்று சேகர் காதைக் கடித்தார். உள்ளே ஒரு வெள்ளை அறையில் யாரும் பேசவில்லை. நான் அப்பாவை நினைத்துக்கொண்டேன். ரூத் ஆன்ட்டி என் முழங்கையைப் பிடித்திருந்தார்.

எங்கள் கும்பாபிஷேகத்துக்கு முந்தின நாள் எண்ணெய்க் காப்பு. அன்று ஒரு நாள் மட்டும் யார் வேண்டுமானாலும் கருவறைக்குள் போய்ச் சாமி மேல் எண்ணெய் சாத்தலாம். அப்பாவுக்கு ஆபரேஷன் அதற்கு மறுநாள். முருகன் தோளில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டேன். பாதி என் புடவையில் கொட்டியது. பின்னால் நின்ற ரூத் ஆன்ட்டி, "மே ஐ?" என்றார். மற்ற மதத்துச் சாமிக்கு இதெல்லாம் செய்யக்கூடாது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. கணவரைப் பார்த்தார். வால்டர் அங்கிள் திடீரென்று விதானத்துப் பூச்சை ஆராய ஆரம்பித்துவிட்டார். ஆன்ட்டி கரண்டியை வாங்கி, மெதுவாக, சொட்டு சிந்தாமல் ஊற்றினார்.

"ஃபார் பேலனிசேமி" என்றார்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. அப்பா அதன்பிறகு பத்து வருஷம் இருந்தார். எந்தக் கோயில் காப்பாற்றியது என்று சேகரும் வால்டர் அங்கிளும் வெகுநாள் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வசந்தத்தில் அவர்கள் ஊழியம் முடிந்து ஊர் திரும்பினார்கள். கிறிஸ்துமஸ் கடிதங்கள் வந்தன. முதலில் அங்கிள் போய்ச் சேர்ந்தார், பிறகு ஆன்ட்டி. அந்த அபார்ட்மெண்டை இடித்து வேறு ஏதோ கட்டிவிட்டார்கள். எங்கள் முருகனுக்கு இப்போது வெள்ளிக் கவசம். கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுதான் கும்பிட வேண்டும்.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது அவர்கள் கோயில் முன்னால் காரை நிறுத்தினேன். கதவருகே இருந்த ஒரு பெண்மணி ஓடிவந்து, உள்ளே போக முடியாது, ஆனால் தோட்டத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று கனிவாகச் சொன்னார். உள்ளே உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்றும் கேட்டார்.

இருந்தார்கள் என்றேன்.