ரெண்டு சீட்டுக் காருக்கு மலை டயர் மாட்டிய மத்தியானம்

மூணாறு மலையில் இருக்கும் சின்னக்கானல் எஸ்டேட் துரையின் சிவப்புக் கார் பாலக்காட்டில் எங்கள் டயர் கடைக்கு வந்தபோது, அதைத் தொடவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அதுவரை நான் பார்த்ததெல்லாம் வாளையார் வழியாக வரும் லாரிகள்தான். இதற்கு ரெண்டே சீட்டு. சக்கரத்துக்கு நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு, மரச் சுத்தியலால் தட்டினால் கழன்றுவிடும். அம்பதுகளில் நடந்தது. எந்த வருஷம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பள்ளிக்கூடம் போனவனில்லை நான்.

காரை ஓட்டி வந்தவர் துரையின் டிரைவர் ஞானமுத்து; பக்கத்து சீட்டில் துரை. அவருடைய அப்பா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலைக்கு வந்த குடும்பம். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். வாளையார் ரோட்டில் நேராகப் போகும் இடமாகப் பார்த்து தோட்டத்துத் துரைமார் ரேஸ் வைத்திருந்தார்கள். ரெண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கொடி விழுந்ததும் கிளம்பி யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறார்களோ அவர்களுக்கு ஜெயம். வளைவு கிடையாது, பிரேக்குக்கும் வேலை கிடையாது. கிளம்புகிற அந்த நிமிஷத்தில் பின் டயர் தாரைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் முதலாளி ராவுத்தர், காரில் பின்னால் இருந்த ஆழமான பட்டன் போட்ட மலை டயர் ரெண்டையும் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டு, மூணு ஜோடி டயரை எடுத்துப் போட்டார். ஒவ்வொரு ஜோடியாக மாட்டி, துரையைக் கிளம்பச் சொல்லி, தார் ரோட்டில் விழுந்த கறுப்புத் தடத்தைக் குனிந்து பார்த்தோம். தடம் நீளமாக இருந்தால் டயர் வெறுமனே சுற்றியிருக்கிறது. குட்டையாக இருந்தால் பிடித்திருக்கிறது. புது டயரில் தடம் நீளமாக விழுந்தது. பட்டன் முக்கால்வாசி தேய்ந்த, ரப்பர் மெத்தென்றிருந்த பழைய ஜோடிதான் நன்றாகப் பிடித்தது. அதிலும் காற்றைக் கொஞ்சம் இறக்கினோம். அதில்தான் துரை ஜெயித்தார். ஞானமுத்துவுக்கு ஒரே சிரிப்பு. அவர் சம்சாரம் நிறைமாசம் என்று அன்றைக்குத்தான் எங்களிடம் சொன்னார்.

ரேஸ் முடிந்து, மலை டயரைத் திரும்ப மாட்டுவதற்காகக் கடைக்கு வந்தார்கள். அங்கே எஸ்டேட்டிலிருந்து வந்த தந்தி காத்திருந்தது. துரை படித்தார். ஞானமுத்து சம்சாரத்துக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டதாம். துரை தமக்குத் தெரிந்த தமிழில், "கார் எடு, சீக்கிரம் போ" என்றார்.

இங்கே கடை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மலைக்குப் போகிற வண்டி உள்ளே வந்தால் சாவி ராவுத்தருடைய பச்சை பெல்ட்டுப் பைக்குள் போய்விடும். வேலை முடிந்த பிறகுதான் வெளியே வரும். முன்பு ஒரு லாரிக்காரர் அவசரத்தில் நட்டை முறுக்காமலே ஓட்டிப்போய், திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு வந்த வழக்கம் இது.

"சாவியக் குடுங்க மொதலாளி," என்றார் ஞானமுத்து. "அவ ஒத்தைல கெடக்கா."

"மூணாறு பக்கம் மழை பேயுது ஞானமுத்து. இந்த மொட்டை டயர்ல வளைவு திரும்பாது."

"நான் பாத்து ஓட்டுவேன்."

"ரெண்டு டயர்தான். மாத்திட்டுப் போப்பா."

துரை காரை விட்டுத் தள்ளிப் போய் நின்றார். நான் அதற்குள் ஜாக்கி வைத்துவிட்டேன். அதே ரிம்மில்தான் மாட்ட வேண்டும். லீவர் போட்டு டயரை நெம்பி, டியூபை எடுத்து, மலை டயரைப் போட்டு, கால் பம்ப்பில் காற்றடித்தேன். பாதியில் ஞானமுத்து என்னைத் தள்ளிவிட்டு அவரே மிதித்தார். சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. அரை மணி நேரத்துக்கு மேலேயே ஆகியிருக்கும். சாவி கைக்கு வந்ததும் உடுமலைப்பேட்டை வழியாகப் போனார்.

போய்ச் சேர்ந்தார். கீறல்கூட இல்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா வாசலிலேயே நின்றிருந்தார்களாம். "இப்பத்தான்யா, கொஞ்சம் முந்தி" என்றார்களாம். தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

அதன் பிறகும் எஸ்டேட் லாரி டயருக்கு அவர் எங்கள் கடைக்குத்தான் வந்தார். அதைப் பற்றி யாரும் பேசியதில்லை. ரொம்ப நாள் கழித்து ஒருநாள், டீ குடித்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"மொதலாளி, அந்த டயரோடயே போயிருந்தா அவ மொகத்த உசுரோட பாத்திருப்பனா?"

வளைவில் கவிழ்ந்திருப்பாய் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். சொன்னால் தேவலை என்றும் இருந்தது.

ராவுத்தர் அப்படிச் சொல்லவில்லை. "பாத்திருக்கலாம்ப்பா," என்றார்.

ஞானமுத்து தலையை ஆட்டினார். பிறகு, லாரிக்கு முன் டயர் ரெண்டும் ஒரு பக்கமாகத் தேய்கிறது, என்னவென்று பாருங்கள் என்றார். நான் எழுந்து போய்ப் பார்த்தேன்.

டயர் வேலைக்கு வருகிற பிள்ளைகள் எந்த டயர் வேகமாகப் போகும் என்று கேட்கிறார்கள். எந்த ரோட்டுக்கு என்று கேட்காமல் நான் பதில் சொல்வதில்லை. அன்றைக்கு அந்த ரோட்டுக்குச் சரியான டயரைத்தான் மாட்டினோம். இன்றைக்கு வந்து கேட்டாலும் அதையேதான் மாட்டுவேன். அது அவர் சம்சாரத்துக்கு உதவவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.