மேற்குக் கடலில் ஓர் உதயம்

கடலோரத்தைப் படம் பிடிக்கிற தொழிலில் கடல் அசையும், படகு அசையும், இடுப்பில் இருக்கிற குழந்தையும் அசையும். அசையாமல் நிற்க வேண்டியது நாம் மட்டும்தான். வீட்டுக்காரர் படுத்துவிட்டார் என்று அவர் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒன்றும் புரியாமல் விழித்த சகோதரிகள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தாராவியில் எங்களுக்கு ஓர் அறை. என் வீட்டுக்காரர் முன்பு தோல் கிடங்கில் இருந்தார். உப்புத் தோலோடு மல்லுக்கட்டிக் கைவிரலெல்லாம் புண்ணானபோது, மாட்டுங்காவில் ஸ்டுடியோ வைத்திருக்கிற பாயிடம் போய்ப் படம் பிடிக்கக் கற்றுக்கொண்டார். பாய் மேலப்பாளையத்துக்காரர். நம்ம பக்கத்து ஆள் என்ற பிரியத்தில் ஒரு கேமராவையே நம்பிக் கொடுத்திருந்தார். உலகச் சண்டை முடிந்த மறு வருஷம், காலண்டர் போடுகிற ஒரு சேட் ஆறு படம் கேட்டார். ஆறும் பம்பாய்க் கடலோரம். மூன்றை எடுத்து முடித்த கையோடு, பாந்திரா முனையில் பாசிப் பாறை வழுக்கி இவருக்குக் கால் முறிந்துவிட்டது. கேமராவை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு விழுந்திருக்கிறார்.

மேட்டிலிருந்து தெரிகிற கடலோரம், லைட்ஹவுஸ், கடலில் சூரிய உதயம். இந்த மூன்றும் பாக்கி. பாய் வந்து கட்டுப் போட்ட காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தசராவுக்குள் படம் வராவிட்டால் கேமராவை வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். கேமரா போனால் இவர் மறுபடியும் தோல் கிடங்குக்குத்தான் போக வேண்டும். அந்தக் காலோடு, அந்தக் கையோடு. "நான் எடுக்கேண்ணே" என்று என் வாய் முந்திக்கொண்டது. பாய் கேமராவை எடுத்து என் கையில் வைத்தார். அப்புறம் சொன்னார்: "கேமரா கீழ விழுந்தா அழாம எங்கிட்ட வந்து சொல்லு தங்கச்சி. நான் அழுதுக்கிடுதேன்."

ஓடுகிற மனுஷன்

அந்தக் கேமராவுக்கு மேலும் கீழுமாக இரண்டு கண். தலையில் ஒரு மூடி. அதைத் திறந்து, கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தால் உள்ளே கண்ணாடியில் எதிரே இருப்பது தெரியும். ஆனால் இடம் வலமாகத் தெரியும், வலம் இடமாகத் தெரியும். கட்டிலில் கிடந்த இவரை வைத்துத்தான் முதல் பாடம். கண்ணாடியில் இவர் வலது ஓரத்தில் இருந்தார். நடுவுக்குக் கொண்டுவரலாம் என்று நான் வலப்பக்கம் திரும்பினால், இன்னும் வலது பக்கம் ஓடி மறைந்தே போனார். மறுபடி தேடிப் பிடித்தேன். மறுபடி ஓடினார்.

எனக்கு வேர்த்துக் கொட்டியது. நாலாவது தடவை அறையை ஒரு சுற்றுச் சுற்றி, சுவரையும் பானையையும் பார்த்து நின்றேன். பின்னாலிருந்து இவர் சொன்னார்: "ஏட்டி, நான் கால் ஒடிஞ்சு ஒரே இடத்துலதான் கிடக்கேன். நீதான் என்னைத் தொரத்துத."

நகம் வைத்த மீன்

மூன்று நாள் அடுப்பு, தண்ணீர்க் குடம், எதிர்வீட்டுப் பூனை எல்லாவற்றையும் துரத்திப் பழகினேன். காலை வெயிலுக்கு எந்த எண், மத்தியான வெயிலுக்கு எந்த எண் என்று இவர் சொல்லச் சொல்ல, கேமராவின் மேல் கண்மையால் பொட்டு வைத்துக்கொண்டேன். பிறகு ஒன்றரை வயசு மகள் செல்வியை இடுப்பில் வைத்துக்கொண்டு மலபார் ஹில் ஏறினேன். மேலே தோட்டத்து விளிம்பில் நின்றால், கீழே கடலோரம் அரிவாள் மாதிரி வளைந்து போகிறது. கண்ணாடியில் அவ்வளவு அழகாகத் தெரிந்தது. ஒரு சுருளில் இருந்த பன்னிரண்டு படமும் எடுத்துத் தீர்த்துவிட்டு, ராணி மாதிரி மாட்டுங்காவுக்குப் போனேன்.

பாய் ஃபிலிமைக் கழுவிப் பார்த்தார். வளைவு இருந்தது, கட்டடங்கள் இருந்தன, கடல் நடுவில் கப்பலைவிடப் பெரிதாக வெள்ளையாக ஏதோ மிதந்தது. பன்னிரண்டிலும் மிதந்தது! நான் பார்த்தது மேல் கண் வழியாக. படம் பிடிப்பதோ கீழ்க் கண்ணாம். அதற்கு நேர் எதிரே செல்வி காலை நீட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். மறுநாள் அவளை முதுகில் சேலையால் கட்டிக்கொண்டு போய் மறுபடி எடுத்தேன், தேறியது. ஆனால் முதல் நாள் பாய் அந்தப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சொன்னது மறக்காது: "இருவது வருஷமா இந்த ஊர்க் கடல் மீனைத் திங்கேன் தங்கச்சி. நகம் வச்ச மீனை இப்பதான் பாக்கேன்."

கொஞ்சம் கடல்

லைட்ஹவுஸுக்குக் கொலாபா முனைக்குப் போனேன். சண்டைக் காலத்தில் குண்டு விமானத்துக்கு வெளிச்சம் தெரியக் கூடாது என்று ஜன்னல்களில் ஒட்டிய கறுப்புக் காகிதத்தைச் சில வீடுகளில் இன்னும் கிழிக்கக்கூட இல்லை. கேமராவைத் திறந்ததும் ஒரு போலீஸ்காரர் வந்துவிட்டார். அவர் மராத்தியில் கேட்டார், நான் பாதி இந்தியிலும் பயத்தில் மீதி தமிழிலும் சொன்னேன். காலண்டர் என்றேன், சேட் என்றேன், காலில் கட்டு என்று என் காலைத் தொட்டுக் காட்டினேன். என் கால் நன்றாக இருப்பதைப் பார்த்து அவருக்கு இன்னும் சந்தேகம் வந்துவிட்டது.

அவரே குனிந்து கேமராவுக்குள் பார்த்தார். பெரிய யோசனை. லைட்ஹவுஸ் எல்லோரும் பார்க்கட்டும் என்று கட்டியது, அதை எடுக்கலாம்; சுற்றியிருக்கிற கடலை எடுக்கக் கூடாது, அதில் சர்க்கார் கப்பல் போகும் என்றார். நடுக்கடலில் நிற்கிற லைட்ஹவுஸைக் கடல் இல்லாமல் எப்படி எடுப்பது? எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். செல்வி அவர் தொப்பியைக் கேட்டு அழுதாள். தூரத்தில் நின்ற ஒரே கப்பலும் நகர்ந்து மறைந்த பிறகு, அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். நான் சட்டென்று எடுத்தேன். அவர் திரும்பிப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "சமுத்திரம் கொஞ்சமாத்தானே விழுந்திருக்கும்?"

முதுகில் விடிந்தது

உதயம்தான் சுலபம் என்று நினைத்து, யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் திருச்செந்தூர்ப் பக்கம் பிறந்தவள். எங்கள் ஊரில் விடிந்தால் சூரியன் கடலுக்குள் இருந்துதான் வரும், வேறு எங்கே இருந்து வரும்? விடிகாலையில் பாந்திரா முனைக்குப் போய், இவர் விழுந்த பாறைக்குக் கொஞ்சம் தள்ளி, கடலைப் பார்த்துக் கேமராவைத் திறந்து வைத்து நின்றேன். வானம் வெளுத்தது, பறவை பறந்தது, தண்ணீர் நீலமானது. சூரியனை மட்டும் காணோம். மேகமும் இல்லை. சொன்னால் நம்புங்கள், இன்றைக்கு ஏதோ கிரகணம் என்றே நினைத்துவிட்டேன்.

கழுத்துக்குப் பின்னால் சுள்ளென்று சுட்டது. அப்போதும் புரியவில்லை. பக்கத்தில் மீன் காயப் போட்டுக்கொண்டிருந்த கோலி என்கிற மீனவச் சாதி அம்மாள் ஒருத்தி, எதைத் தேடுகிறாய் என்று இந்தியில் கேட்டாள். சொன்னேன். கூடையைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சூரியனையா தேடுறே? அவன் இவ்வளவு நேரமா உன் முதுகைத்தானே பார்த்துக்கிட்டிருக்கான்!"

இரண்டு சூரியன்

இந்த ஊரில் சூரியன் கடலுக்குள் இறங்கும், ஏறாது. ஆனால் சேட் உதயம்தான் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இறங்குகிற சூரியனை எந்தக் கடைக்காரரும் கல்லாவுக்கு மேலே மாட்ட மாட்டார்களாம். "சாயங்காலம் எடுத்துக் கொடுத்துரு. கறுப்பு வெள்ளையில யாருக்குத் தெரியும்?" என்றார் பாய். அன்று சாயங்காலமே அதே பாறைக்குப் போய் எடுத்தேன். மேகத்துக்குள்ளிருந்து கதிர் கதிராக வந்தது, அப்படி ஒரு படம். வீட்டுக்கு வந்தால் இவர் முகம் கொடுக்கவில்லை. பொய் என்று தெரிந்தால் ஆறு படமும் போகும், கேமராவும் போகும் என்றார். பம்பாய்க்குக் கிழக்குப் பக்கமும் தண்ணீர் உண்டு, அபோலோ பந்தர் படகுத்துறைக்குப் போ என்றார்.

சயானில் முதல் லோக்கல் ரயில் பிடித்துப் போனேன். அங்கே துறைமுகத்துக்குள்ளிருந்து நிஜமாகவே சூரியன் ஏறியது. ஆனால் புகையும் பனியும். வெளுத்த அப்பளம் மாதிரி ஏறியது. இரண்டு படத்தையும் இவர் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எதைக் கொடுப்பது என்று கேட்டேன். "ரெண்டையும் கொண்டு போ. சேட் கேட்டா நெசத்தைச் சொல்லு" என்றார். கேட்கவில்லை என்றால்? "கேக்கலைன்னா, ஏட்டி, நீயா போய் வாயைத் தொறக்காத."

சேட்டின் தீர்ப்பு

சேட் கடையில் பாய் ஏழு படத்தையும் மேஜையில் பரப்பினார். மற்ற ஐந்தும் உடனே தேறின. அபோலோ பந்தர்ச் சூரியனைச் சேட் விரலால் தள்ளிவிட்டார். "இது சாயங்காலம். செத்த சூரியன்" என்றார். பாந்திரா அஸ்தமனத்தை இரண்டு கையாலும் எடுத்து, "ஆகா, உதயம் என்றால் இது!" என்று கடை முழுக்கக் காட்டினார். கணக்குப்பிள்ளை கும்பிடவே செய்தார். பாய் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

சேட் ஒன்றும் கேட்கவில்லை, நான் வாயைத் திறக்க வேண்டியதும் இல்லை. ஆனால் எந்தக் கடைக்காரராவது பாந்திராவில் நின்று பார்த்துவிட்டால்? பெயர் கெட்டால், இந்த வருஷம் தப்பிய கேமரா அடுத்த வருஷம் போகும், அவ்வளவுதான் வித்தியாசம். "சேட்ஜி, அது இறங்குற சூரியன். நீங்க தள்ளினதுதான் ஏறுறது" என்று சொல்லிவிட்டேன். பாய் கண்ணை மூடிக்கொண்டார். சேட் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். கணக்குப்பிள்ளையைக் கேட்டார், வாசலில் நின்ற கூர்க்காவைக் கேட்டார். ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் பாந்திராப் படத்தை அச்சுக்குப் போகிற கட்டில் சேர்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "மகளே, நீ சொன்னது சரி, நான் எடுத்ததும் சரி. கீழே ‘உதயம்’னு அச்சடிச்சுட்டா அது ஏறித்தானே ஆகணும்? அடுத்த வருஷம் மலைப் படம், அதையும் நீயே எடு. சூரியன் எந்தப் பக்கம்னு முன்னாடியே விசாரிச்சுக்கோ."

ஆகவே, என்னைப் போலத் திடீரென்று இந்தத் தொழிலில் வந்து மாட்டிக்கொண்டவர்களே, திக்குத் தெரியாமல் நின்றாலும் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு நில்லுங்கள், மிச்சத்தைக் காலண்டர்க்காரர் அச்சில் சரிசெய்துகொள்வார்.