பதினைந்து நாள்

கொழும்பிலிருந்து வந்த அந்தக் காகிதக் கட்டின் சிவப்பு அரக்கு முத்திரை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. 1940களில் பம்பாயில் ஒரு மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் நான் தமிழ் மொழிபெயர்ப்பாளன். மாட்டுங்காவிலிருந்து தினமும் ரயிலில் போவேன். இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையைக் கொன்றதாகச் சொல்லி, தாராவியில் தோல் பதனிடும் ஒருவரைப் பிடித்து அனுப்பும்படி அந்த ஊர்ப் போலீஸ் கேட்டிருந்தது. திருநெல்வேலிக்காரர். முன்பு அந்தத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். வக்கீல் வைக்க வழியில்லை.

"கொல நடந்த அன்னைக்கு நான் இங்க தோல் கிடங்குலதான் நின்னேன்யா. மேஸ்திரியக் கேளுங்க" என்றார். மேஸ்திரி வாசலில்தான் காத்திருந்தார். ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னேன். குற்றம் செய்தாரா என்பது கொழும்புக் கோர்ட்டின் வேலை, அனுப்ப இந்தக் காகிதங்கள் போதுமா என்பதை மட்டுமே தம்மால் பார்க்கமுடியும் என்றார் மாஜிஸ்ட்ரேட். சாட்சி இங்கே, விசாரணை கடலுக்கு அப்பால். அதைத் தமிழில் சொன்னபோது, அவர் கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்தார், தீர்ப்புச் சொன்னவன் நான்தான் என்பதுபோல.

பிறகு மாஜிஸ்ட்ரேட் சொன்னது இரண்டு வாக்கியம். பதினைந்து நாள் காவல். அதற்குள் ஹைகோர்ட்டில் மனுப் போடலாம், போடாவிட்டால் அனுப்பிவிடுவார்கள். நான் வாயெடுப்பதற்குள் அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். "பதினஞ்சு நாள் உள்ளே இருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தேன். அவர் முகம் தெளிந்தது. கை கூப்பினார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் அவர் மனைவி துவைத்து மடித்த சட்டையோடு கோர்ட்டுக்கு வந்தாள்.

"ஜெயில்ல கேட்டா, சிலோனுக்குக் கொண்டு போயிட்டோம்ங்காவ. பதினஞ்சு நாளுல விட்ருவாவன்னு நீங்கதான சொன்னிய?"

அன்று அவர் ஏன் கை கூப்பினார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"மேலிடத்து உத்தரவும்மா" என்றேன்.

அவர் ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே சிறையில் கிடந்தார். கடைசியில் மேஸ்திரி தன் கைக்காசில் கப்பலேறிப் போய்ச் சாட்சி சொல்ல, விடுதலையானார். அவர் திரும்பி வந்தபின், தாராவியை ஒட்டிய லேபர் கேம்ப் குடியிருப்புப் பக்கம் ஒருநாள் கூட்டமான பஸ்ஸில் என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். மெலிந்து, இருமிக்கொண்டிருந்தார்.

"இருங்கய்யா. நீங்க என்ன செய்வீய, அவுக சொன்னதத்தான சொன்னிய."

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தேன். நான் இறங்கும்வரை அவர் நின்றுகொண்டே வந்தார்.

எனக்கு இப்போது வயதாகிவிட்டது. பஸ்ஸில் பிள்ளைகள் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.