என் கையெழுத்தில் ஒன்பது குழிகள்

கழிவு ஆயிலும் ஆற்றுமணலும் சேர்ந்து வெயிலில் காயும்போது வருகிற வாடைதான் எனக்கு அம்மாவின் வாடை. எந்தச் சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அது அவள் உள்ளங்கையை விட்டுப் போகாது. கப்பலூருக்கு மேற்கே தூர்ந்துபோன ஒரு கண்மாய்க்குள், பக்கத்து மில்காரர்கள் ஒன்பது குழி வெட்டிக் கோல்ஃப் மைதானம் போட்டிருந்தார்கள். புல் வளர்க்கத் தண்ணீர் கிடையாது. அதனால் ஒவ்வொரு குழியைச் சுற்றியும் எண்ணெய் கலந்த மணலைக் கொட்டி நிரவியிருப்பார்கள். கூலிக்குப் போன பெண்கள் அதை "எண்ணெத்தரை" என்பார்கள். அந்த ஒன்பதையும் தினமும் கூட்டி இழுத்துச் சீராக்குவது என் அம்மா பஞ்சவர்ணத்தின் வேலை.

வெளியூர் ஆட்டக்காரர்களுக்கு அந்த இடம் பிடிபடவே பிடிபடாது. கோடையில் கரிசல் பிளந்து பந்தை விழுங்கும். உவர்மண்ணில் விழுந்த பந்து எகிறிக் கருவேல முள்ளுக்குள் போகும். கண்ணுக்கு இடப்பக்கம் சரிந்தாற்போலத் தெரிகிற எண்ணெத்தரையில் தட்டிய பந்து, பழைய மடை இருந்த வலப்பக்கமாக ஓடும். அம்மாவுக்கு எல்லாம் அத்துபடி. "மழை பேஞ்சா தண்ணி எங்கிட்டு ஓடுதுன்னு பாத்தவளுக்குப் பந்து எங்கிட்டு ஓடும்னு தெரியாதா?" என்பாள். மில் ஆட்கள் அவளைக் கேட்காமல் மட்டையைத் தூக்க மாட்டார்கள், பந்து குழியில் விழுந்ததும் அவள் பக்கம் திரும்பவும் மாட்டார்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை வெளியூர் அணியோடு கோப்பைப் போட்டி நடக்கும். விருந்தாளிகள் வருகிற நாளில் கூலிப் பெண்கள் கண்ணில் படக்கூடாது என்று ஒரு சட்டம் வைத்திருந்தார்கள்; ஆகவே அம்மாவைக் கேட்க வழியில்லாமல் மில்காரர்கள் ஒவ்வொரு வருஷமும் ஒழுங்காகத் தோற்றார்கள்.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது, மைதானத்தின் செக்ரட்டரி அம்மாவைக் கூப்பிட்டார். "பஞ்சவர்ணம், உனக்குத் தெரிஞ்சதையெல்லாம் எழுதிக் குடு. கோப்பை வந்துச்சுன்னா உன்னைப் பெர்மனென்ட் ஆக்கிருவோம்." மழைக்காலம் முழுக்க வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் வீட்டு அரிசிக்கு நிற்கிறவளுக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும்.

அம்மாவுக்கு எழுத வராது. எனக்குக் கையெழுத்துக்காகப் பரிசே கிடைத்திருந்தது. அந்தத் திமிர் வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை இழுத்துக்கொண்டு போய் அடி அடியாக அளந்தேன். "அதெல்லாம் அந்நேரத்துக்குப் பாத்துச் சொல்றதுடி" என்று அவள் தயங்கியபோதும் விடாமல் நச்சரித்து, எந்த மரத்திலிருந்து எத்தனை அடியில் வெடிப்பு, எந்த மேட்டிலிருந்து எந்தப் பக்கம் சரிவு என்று ஒரு நோட்டில் குழிக்கு ஒரு பக்கமாகப் படம் போட்டு எழுதிக் கொடுத்தேன்.

கோப்பை வந்தது. எனக்கு ஒரு பேனா கொடுத்தார்கள். அம்மா காத்திருந்தாள்.

தீபாவளி கழிந்து மண் அள்ளும் எந்திரம் வந்தது. அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனவள் பார்த்தேன், இன்ஜினியர் கையில் என் நோட்டின் ஜெராக்ஸ். முதல் குழியில் தொடங்கி, நான் எழுதிய வரிசையிலேயே வெடிப்புகளை மூடினார்கள், மடைச் சரிவை நிரவினார்கள், ஆழ்துளைக் கிணறு போட்டுப் புல் பதித்தார்கள். எண்ணெத்தரை போனபின் கூட்டுவதற்கு ஆள் எதற்கு? பெண்கள் எல்லோரையும் நிறுத்தினார்கள். "குறை எங்கெங்க இருக்குன்னு உங்கம்மா சொல்லித்தான் எங்களுக்கே தெரிஞ்சது" என்று செக்ரட்டரி என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இன்று அந்த வழியாகப் பஸ்ஸில் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் சமமான பச்சை. முதல் நாள் வருகிறவனும் யாரையும் கேட்காமல் ஆடிவிட்டுப் போகலாம். அதற்குப்பின் காட்டுவேலைக்கும் கடைவேலைக்கும் அலைந்து தேய்ந்த அம்மா, இப்போது கோச்சடையில் என்னோடு இருக்கிறாள். இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை திட்டியதில்லை. போன மாதம் நானாகவே பேச்சை எடுத்தேன்.

கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "வாயில சொல்லியிருந்தா மறந்திருப்பாக. மறுவருசமும் என்னையத் தேடி வந்திருப்பாக. நீதான் அம்புட்டையும் அழகா எழுதிக் குடுத்துட்டியே."