அவசரம் இல்லாத செல்கள்

நுண்ணோக்கியின் கீழே குரோமோசோம்கள் இரண்டு அணியாகப் பிரிந்து போய்க்கொண்டிருந்தன. நடுவில் ஒன்று மட்டும் எந்தப் பக்கமும் சேராமல் பின்தங்கிக் கிடந்தது. அதைக் காட்டத்தான் சாரைக் கூப்பிட்டேன். திருப்பதியில் என் முனைவர் பட்ட ஆய்வுக்கு வழிகாட்டியாக இருந்தவர் அவர். சொந்த ஊர் சித்தூர். குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார். "இத யாரு செய்யச் சொன்னது?" என்றார். அந்தக் குரல் நினைவுக்கு வந்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விஷயம் இதுதான். குரோமோசோமுக்கு இடுப்பு மாதிரி ஓர் இடம் உண்டு, பெயர் சென்ட்ரோமியர். செல் இரண்டாகப் பிரியும்போது அந்த இடத்தைப் பிடித்துத்தான் குரோமோசோம்கள் இருபுறமும் இழுக்கப்படும். அங்கே சில சமயம் ஆர்.என்.ஏ. இழை ஒன்று டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்ளும். இந்த ஒட்டு மிகுந்தால் குரோமோசோம் உடையும், வழி தவறும். ஆகவே ஒட்டு என்றாலே கேடு, வெட்டி எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது சாரின் கட்சி. வெட்டுவதற்கு ஒரு நொதி இருக்கிறது. ஒட்டு மிகுந்த செல்களில் அதைச் செலுத்தினோம். அவர் சொன்னபடியே சரியாயின. எந்தக் கோளாறும் இல்லாத நல்ல செல்களிலும் செலுத்திப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "அதெல்லாம் அவசரம் இல்லமா" என்றார்.

தமிழ்க்காரப் பெண் என்று என்னிடம் தமிழில் பேசுவதில் அவருக்கு ஒரு பெருமை. அதுதான் வினையாகப் போயிற்று. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. தெலுங்கிலேயே சொல்லியிருந்தால் ஆந்திர எல்லைக்குள் நகரியில் பிறந்து வளர்ந்த எனக்குச் சரியாகப் புரிந்திருக்கும். தமிழில் சொன்னதைத் தமிழாகவே எடுத்துக்கொண்டேன். மற்ற வேலைகளையெல்லாம் முடித்துவிட்டு, ஆற அமர அந்தச் சோதனையைச் செய்தேன். ஒட்டை முழுக்க எடுத்த நல்ல செல்களிலும் குரோமோசோம்கள் தடுமாறின; சாரைக் கூப்பிட்டுக் காட்டியது அதைத்தான். கொஞ்சமாவது ஒட்டு இருந்தால்தான் செல்லுக்கு ஒழுங்காகப் பிரியவே முடிகிறது என்று எனக்குப் பட்டது.

"அவசரம் இல்லன்னு சொன்னேனா இல்லியா?"

"அதான் சார், நிதானமா செஞ்சேன்."

ஆய்வகத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பை அவர் மன்னிக்கவே இல்லை. அடுத்த ஆய்வுக் குழுக் கூட்டத்தில், எனக்கு வேலையில் சுத்தம் போதாது, செல்களைக் கெடுத்துவிட்டு ஏதோ கண்டுபிடித்ததாக உளறுகிறேன் என்றார். வீட்டில் கல்யாணம் பண்ணி வைக்கச் சொல்லுங்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். என்னை நீக்கினார்கள். வேறு ஊருக்குப் போய், வேறு ஆய்வகத்தில் அதே கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டேன். அறிவியல் ஆர்வம் என்று கேட்பவர்களிடம் சொல்லியிருக்கிறேன். சுத்தப் பொய். அந்த ஆளை ஒரு நாள் நாலு பேர் முன்னால் வாயடைக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான். சலிப்பு வரும்போதெல்லாம் அவர் முகத்தை நினைத்துக்கொள்வேன், மறுபடி வேலை ஓடும். நான் பார்த்தது சரிதான் என்று கடைசியில் மற்றவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

போன மாதம் திருப்பதியில் அதே துறையில் என்னைப் பேச அழைத்தார்கள். முன்வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார், ஓய்வு பெற்று, தலை முழுக்க நரைத்து. நான் பேசி முடித்ததும் எழுந்து மைக்கை வாங்கினார். இவள் என் மாணவி, ஒட்டு கொஞ்சம் வேண்டும் என்று அன்றைக்கே நான்தான் இவளுக்குச் சொன்னேன் என்றார் தெலுங்கில். அரங்கம் கைதட்டியது. நானும் தெலுங்கிலேயே பதில் சொன்னேன். நல்ல செல்களைப் பார்க்கட்டுமா என்று நான் கேட்டதற்குச் சார் சொன்னது இதுதான் என்று நிறுத்தி, "அவசரம் லேது" என்றேன். அந்த அரங்கத்தில் அதற்குத் தேவையில்லை என்ற ஒரே அர்த்தம்தான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டுச் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். இனித்தது. அப்படி இனித்தது எனக்கு.

வெளியே வந்தபோது அவர் ஆட்டோவில் ஏற முடியாமல் தடுமாறுவதைப் பார்த்தேன். பாழாய்ப்போன மனசு இளகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சித்தூரில் அவர் வீட்டுக்குப் போய் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன். நகரியில் பவர்லூம் ஓட்டி என்னைப் படிக்க வைத்த அப்பாவுக்கு, நைனாவுக்குப் போன் செய்து நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"போவாதமா" என்றார்.

"ஏன் நைனா? வயசாயிடுச்சி, பாவம்."

"உன்னத் தொரத்தனப்போ நான் அவுரு வூட்டுக்குப் போயிருந்தேன். உனக்குத் தெரியாது. வாசக் கேட்டாண்டயே நின்னுக்கினு இருந்தேன். உள்ள குந்திக்கினு துன்னாரு, நான் நிக்கறது தெரிஞ்சிதான். துன்னுட்டு வந்து, என் காலாண்டயே கைய கழுவிட்டு, ஒரு வார்த்த பேசாம கதவ சாத்திக்கினாரு."

"இத்தினி நாளா ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா சண்டைக்குப் போயிருப்ப. படிப்பு பூடும்."

ஞாயிற்றுக்கிழமை நான் சித்தூர் போகவில்லை. நகரிக்குப் போனேன். இப்போது எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். அந்த அரங்கத்தில் அவரை அவ்வளவு சீக்கிரம் உட்கார விட்டிருக்கக் கூடாது.