தொலைந்த பிள்ளைகளைக் கூப்பிடும் வாய்

ஐம்பத்து மூன்று வயது நல்லமுத்து எதைப் பேசுவதற்கு முன்பும் நாக்கை வாய்க்குள் ஒரு சுற்று விடுகிறார். வலது கன்னம், கீழுதட்டின் உட்புறம், இடது கன்னம். கடையைச் சாத்தியவர் பூட்டை இழுத்துப் பார்ப்பது போல. எங்கும் எரிச்சல் இல்லையென்றால் முகம் மலர்கிறது, பேச்சு தொடங்குகிறது. தொடங்கினால் சுலபத்தில் நிற்காது.

பினாங்குத் துறைமுகக் கிடங்கில் சரக்கு எண்ணிக் கணக்கெழுதும் கிராணி அவர். ஆனால் ஜார்ஜ்டவுனில் பலருக்கு அவர் ‘தைப்பூச மைக்’. தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில், தைப்பூசக் கூட்டத்தில் பெற்றோரைத் தவறவிட்ட பிள்ளைகளைக் கொண்டுவந்து உட்காரவைக்கும் கூடாரத்தில், பல வருடங்களாக மைக் பிடிப்பவர் அவர்தான். தமிழ், மலாய், ஹொக்கியன், ஆங்கிலம் என்று நான்கிலும் கூப்பிடுவார்.

“செவப்புச் சட்ட, மொட்டத் தல, கையில பாதி தின்ன கரும்பு! பேரு கேட்டா ‘கண்ணு’ங்கிறான், அப்பா பேரு கேட்டா ‘அப்பா’ங்கிறான்! அந்த அப்பா எங்க இருந்தாலும் சீக்கிரம் வாங்க லா, கரும்பு தீரப் போவுது!”

அழுத பிள்ளையே சிரித்துவிடும். அதுதான் அவருடைய முறை. “அழுற மொகமெல்லாம் ஒரே மாதிரி இருக்கும். புள்ள சிரிச்சாத்தான் ஆத்தாவுக்கு தூரத்துலேருந்து அடையாளம் தெரியும்” என்கிறார்.

அவருடைய பற்களைப் பார்ப்பவர்கள் அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வருவார்கள். முன்பற்களில் பழுப்புக் கோடுகள், ஊசி குத்தியது போன்ற குழிகள். வெற்றிலையா, சுருட்டா என்று கேட்பார்கள். இரண்டும் கிடையாது. மூன்று வேளையும் பல் துலக்குகிறவர். பள்ளியில் அவருக்கு ‘பிஸ்கட் பல்லு’ என்று பெயர்.

பற்களாவது பார்ப்பவர்களுக்குத்தான் உறுத்தல். அவரை வாட்டியவை வாய்ப்புண்கள். உதட்டின் உள்ளே, நாக்கின் ஓரத்தில், வெள்ளை வெள்ளையாக. ஒன்று ஆறுவதற்குள் அடுத்தது. மணத்தக்காளிக் கீரை, தேன், சீன மருந்துக் கடைப் பொடி எல்லாம் பார்த்தாகிவிட்டது. மனைவி நவமணி உடம்புச் சூடு என்றார். எண்ணெய் தேய்த்துக் குளித்தும் பார்த்தார். தலைமுடி பளபளத்தது, புண் அப்படியே இருந்தது.

1989இல் ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்குவதற்காகப் போனபோதுதான் விஷயம் பிடிபட்டது. பல் மருத்துவர் கனகேஸ்வரி வாயை வெகுநேரம் பார்த்தார். இடப்புறப் பல்லில் இருக்கும் குழி, வலப்புறத்தில் அதே பல்லிலும் இருந்தது. சொத்தை அப்படி இருபுறமும் ஒன்றுபோல விழாது. விளக்கைத் தள்ளிவைத்துவிட்டு, “வயிறு எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

“பல்லக் காட்ட வந்தவன்கிட்ட வயித்தக் கேக்குறாங்களேன்னு பயந்துட்டேன்” என்கிறார் நல்லமுத்து. “ஆனா சொல்றதுக்கு எங்கிட்ட நெறைய இருந்திச்சு. பாதியில அவங்களே போதும்னுட்டாங்க.”

கனகேஸ்வரி அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே தொண்டை வழியாகக் குழாய் விட்டு, சிறுகுடலில் நகக்கண் அளவு சதை எடுத்துப் பார்த்தார்கள். நோயின் பெயர் சீலியாக். கோதுமையில் இருக்கும் பசை அவருடைய குடலுக்கு ஆகாது. சிறுவயதில் பல் உருவாகும்போதே அது எனாமலைக் கெடுத்துவிட்டது. அந்தக் கோடுகள் இனி மறையாது. புண்கள் ஆறும், கோதுமையை அடியோடு விட்டால்.

விட்டார். பரோட்டா போன்ற ரொட்டிச் சானாய், வறுத்த நூடுல்ஸான மீ கோரேங், மாலைத் தேநீருக்கு பிஸ்கட், எல்லாம் போயின. “பினாங்குல பொறந்துட்டு மீ திங்காத ஒரே ஆளு நான்தான். ‘பிஸ்கட் பல்லு’ன்னு பேரு வச்சான் பாருங்க, அவன் அப்பவே கண்டுபுடிச்சிட்டான், அந்தப் பய டாக்டருக்குப் படிச்சிருக்கணும்” என்று தொடையைத் தட்டிச் சிரிக்கிறார். காலையில் இடியப்பம், மதியம் சோறு, இரவில் சோறு. சில மாதங்களில் வாய் சுத்தமாயிற்று. பல வருடங்களுக்குப் பிறகு ஊறுகாய் தொட்டுக்கொண்டார்.

ஆனால் தைப்பூச விரதம் தொடங்கினால் புண்களும் திரும்பி வந்தன. ஒவ்வொரு வருடமும். விழா நாளில் வாய் வெந்து கிடக்கும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கனகேஸ்வரி கேட்டார். “சுத்த சைவம் டாக்டர்” என்று பெருமையாகச் சொன்னார். சைவம்தானே என்று டாக்டரும் விட்டுவிட்டார். விழாக் குழுச் செயலாளர் அர்ஜுனன், “முருகன் சோதிக்கிறாருண்ணே” என்றார்.

சென்ற வருடம் நாக்கைப் புரட்ட முடியவில்லை. மைக் அர்ஜுனன் கைக்குப் போனது. அர்ஜுனன் நல்ல மனிதர், ஆனால் ரயில் வருகையை அறிவிப்பது போலப் பேசுபவர். கூடாரத்தில் ஒரு பிள்ளை அழுதால் கூடவே மூன்று பிள்ளைகள் சேர்ந்து அழுதன. அன்று மாலை நல்லமுத்து குழறியபடி குழுவிடம் தாமாகவே சொன்னார்: “அடுத்த வருஷமும் வாய் இப்பிடி வெந்துச்சுன்னா மைக்க விட்டுடறேன். வேற ஆளப் பாருங்க.” வீட்டுக்கு வந்தவர் மறுநாள் முழுவதும் பேசவில்லை. அக்கம்பக்கத்தார் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள்.

விடை நவமணிக்குச் சந்தையில் கிடைத்தது. விரத காலத்தில் கணவருக்குச் சீனர் கடையில் சைவ ஆட்டுக்கறி வாங்கிப் பிரட்டல் செய்வது அவர் வழக்கம். நாரும் மென்மையும் நிஜக் கறி போலவே இருக்கும், நல்லமுத்துவுக்கு உயிர். சோயா பீன்ஸில் செய்வது என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள். இந்த முறை வீட்டிலேயே செய்து பார்க்கும் ஆசையில், எப்படிச் செய்வது என்று கடைக்காரரைக் கேட்டார். அவர் மகிழ்ந்துபோய் விளக்கினார்: “தெப்போங் காண்டும் லா!” கோதுமை மாவு. பிசைந்து, தண்ணீரில் அலசி அலசி, மாவையெல்லாம் கரைத்துவிட்டுப் பசையை மட்டும் எடுப்பது.

நவமணி வெறும் கூடையோடு வீட்டுக்கு வந்தார்.

“இத்தன வருஷமா விரதம் விரதம்னு நீங்க ரொட்டியத்தான் தின்னுருக்கீங்க! அதுவும் ரொட்டியோட சாறு!”

“ஆக்கிப் போட்டது யாரு?”

“ரெண்டு தட்டு கேட்டது யாரு?”

டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சிரித்தாராம். அவர் வீட்டிலும் வெள்ளிக்கிழமை தோறும் அதே பிரட்டல்தான்.

இந்த விரதத்துக்குப் பூசணி, கத்தரி, பயறு. நல்லமுத்து தினமும் கண்ணாடி முன் உதட்டைப் புரட்டி நவமணியிடம் காட்டினார். “ஒண்ணுமில்ல, மூடுங்க, சோறு ஆறுது” என்பதே தினசரி மருத்துவ அறிக்கை.

1993 தைப்பூசம். காலையிலிருந்து கூடாரத்தில் அவர் குரல்தான். வெயில் ஏறியது, மேளமும் வேல் வேல் முழக்கமும் ஒன்றையொன்று முந்தின. தாத்தாவைத் தொலைத்த சீனச் சிறுமி ஒருத்தி அவர் இடுப்பில் ஏறிக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தாள். நண்பகலில் அர்ஜுனன் வந்து இரண்டு கைகளையும் நீட்டினார்.

“குடுங்கண்ணே, காலையிலேருந்து கத்துறீங்க. வாய் என்னாவுறது?”

நல்லமுத்து அந்தக் கைகளைப் பார்த்தார். சிறுமியை அவற்றில் வைத்தார். மைக்கைத் தட்டி, ஹொக்கியனில் அவளுடைய தாத்தாவைக் கூப்பிட ஆரம்பித்தார்.

கூடாரம் பிரிக்கும்வரை மைக் அவரிடமே இருந்தது.